காகிதத்தில் நாணயம்: ஜேம்ஸ் வில்சன் வரலாறு

நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. கையில் ஒலிக்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத குணமும் நாணயம். கடைவீதியில் ஒருவரை நாணயமானவர் என்று சொன்னால், கொடுக்க வேண்டியதைக் கொடுக்க வேண்டிய நாளில் கொடுத்துவிடுபவர் என்று பொருள். இந்த இரண்டு பொருளும் சேர்ந்து நிற்கும் இடம் ஒன்று உண்டென்றால், அது நம் சட்டைப்பையில் உள்ள நோட்டுத்தான். நோட்டு வெறும் தாள். அதன்மேல் எழுதிய வாக்குறுதியே அதன் விலை.

அந்த வாக்குறுதியை இந்திய நாட்டில் அரசின் பெயரால் எழுதுவதற்கு முதன்முதல் திட்டம் வகுத்த ஒருவரின் வரலாற்றை நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் ஜேம்ஸ் வில்சன். வேதியியல் படிக்கும் எனக்குப் பொருளாதாரத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அதற்குக் காரணம் என் பாட்டியின் டிரங்குப் பெட்டி.

என் தந்தையார் தருமபுரி மாவட்டத்திலிருந்து வேலை தேடிப் பெங்களூர் வந்தவர். பொம்மசந்திரத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. ஹெப்பகோடியில் வாடகை வீடு. அப்பாவைப் பெற்ற பாட்டி மட்டும் ஊரை விட்டு வரவில்லை. புளி தட்டிக் கொட்டை எடுக்கும் கூலி வேலைக்குப் போய் வந்தார். 2018இல் பாட்டி காலமானபோது, அவருடைய பெட்டியில் சேலை மடிப்புக்குள் ஏழு ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் இருந்தன. 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவோடு செல்லாமற்போன பழைய நோட்டுகள். வங்கியில் கட்டுவதற்குக் கொடுத்த தவணையும் அவ்வாண்டு டிசம்பர் 30ஆம் நாளோடு முடிந்திருந்தது. பாட்டி யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்துதான் வைத்திருந்தாரா, தெரியாமல் வைத்திருந்தாரா என்று கேட்பதற்கு அவரும் இல்லை.

அந்த ஏழு நோட்டுகளையும் அப்பா தூக்கி எறியவில்லை. அவை இன்றும் ஹெப்பகோடி வீட்டு அலமாரியில் உள்ளன. செல்லாத நோட்டை வைத்திருப்பது குற்றமாகுமோ என்று அஞ்சி, நான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒருவர் அத்தகைய நோட்டுகளில் பத்து வரை வைத்துக்கொள்ளலாம். படிப்புக்காகவோ ஆராய்ச்சிக்காகவோ நாணய சேகரிப்புக்காகவோ என்றால் இருபத்தைந்து வரை வைத்துக்கொள்ளலாம். அதே சட்டந்தான் அந்த நோட்டுகளுக்கு ரிசர்வ் வங்கி இனிப் பொறுப்பில்லை என்றும் கூறுகிறது. பாட்டியின் கூலி அன்று சேகரிப்புப் பொருளாயிற்று.

சேகரிப்பு என்ற சொல் என்னைப் பழைய நோட்டுகளின் பக்கம் இழுத்தது. பெங்களூர் பிரண்டன் சாலையில் இந்தியக் காகிதப் பணத்துக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ரெஸ்வான் ரசாக் என்னும் சேகரிப்பாளர் பல்லாண்டு தேடித் தொகுத்தவற்றைக் கொண்டு 2020இல் அது திறக்கப்பட்டது. ஹெப்பகோடியில் மெட்ரோ ஏறி, ஆர்.வி. ரோட்டிலும் மெஜஸ்டிக்கிலும் மாறி, எம்.ஜி. ரோட்டில் இறங்கினால் அருகில்தான். தொடக்க கால நோட்டுகள் எவ்வளவு அரியவை என்பதை அறிந்தபோது என் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. இலட்சக்கணக்கில் அச்சிட்ட தாள் ஏன் இப்படி அரிதாகப் போயிற்று? அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது கிடைத்தவரே வில்சன்.

தொப்பிக் கடைக்காரர்

ஜேம்ஸ் வில்சன் ஸ்காத்லாந்தில் ஹாயிக் என்னும் சிற்றூரில் 1805 ஜூன் 3ஆம் நாள் பிறந்தார். தந்தையார் கம்பளி ஆலை நடத்தியவர். குவேக்கர் என்னும் கிறித்துவப் பிரிவைச் சேர்ந்தவர். ஆடம்பரம் கூடாது, பேச்சில் மிகை கூடாது, கடன் வைத்துக் கெடுதல் கூடாது என்பன அப்பிரிவினரின் ஒழுக்கங்கள். பதினைந்து பிள்ளைகள் நிறைந்த வீட்டில் வில்சன் நான்காமவர்.

பள்ளிக்கூட ஆசிரியராக வேண்டும் என்று சிறுவன் விரும்பினான். அதற்கான பயிற்சிக்கும் போனான். சில நாளிலேயே அது கசந்துவிட்டது. சட்டம் படிக்க ஆசை பிறந்தது. குவேக்கர் நெறி அதற்கு இடந்தரவில்லை. முடிவில் பதினாறு வயதில் தொப்பி செய்யும் தொழிலில் பழகச் சேர்ந்தான். பகலில் தொப்பி, இரவில் புத்தகம். பட்டப்படிப்பு எதுவும் இல்லாத வில்சன் பின்னாளில் ஒரு பேரரசின் கணக்கைப் பார்க்கும் அளவுக்கு உயர்ந்ததற்கு அந்த இரவுப் படிப்பே அடிப்படை.

1824இல் தமையனோடு இலண்டனுக்குப் போனார். தந்தையார் ஒவ்வொருவருக்கும் கொடுத்த 2,000 பவுன்தான் கைமுதல். ஊரை விட்டு ஊர் வந்து பிழைக்கும் குடும்பங்களுக்கு இந்தக் கதை புதிதன்று. தொழில் வளர்ந்தது. 1832இல் எலிசபெத் பிரெஸ்டன் என்னும் பெண்மணியை மணந்தார். ஆறு பெண் மக்கள் பிறந்தனர். 1837 அளவில் அவர் சொத்து 25,000 பவுன் வரை இருந்தது.

அவுரியில் போன பணம்

அந்தச் செல்வத்தைக் கரைத்தது இந்தியாவில் விளைந்த ஒரு பொருள், அவுரிச் சாயம். செயற்கை நீலம் 1897இல் ஜெர்மனியிலிருந்து சந்தைக்கு வரும்வரை உலகத்துக்கு நீல நிறம் தந்தது பெரும்பாலும் நம் நாட்டு அவுரிதான். அவுரியின் விலை ஏறும் என்று கணக்கிட்ட வில்சன் தம் பணத்தின் பெரும்பகுதியை அதில் போட்டார். விலை ஏறவில்லை, இறங்கியது. அதே நேரத்தில் 1837இன் வணிக நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. சேர்த்த செல்வத்தில் பெரும்பகுதி போயிற்று.

அடுத்து அவர் செய்த செயலே அவர் யார் என்பதைக் காட்டுகிறது. திவால் அறிவித்துவிட்டு ஒதுங்கவில்லை. கடன் கொடுத்தவர்களை அழைத்துக் கணக்கை விரித்து வைத்து, கையிலிருந்ததையும் சொத்துக்களையும் ஒப்படைத்தார். கடன்காரர்களும் மனநிறைவோடு ஏற்றுக்கொண்டனர். பின்னர் அவ்வாறு ஒப்படைத்த சொத்து ஒன்று எதிர்பார்த்த விலைக்குப் போகவில்லை என்று தெரிந்தது. சட்டப்படி அவர் மேற்கொண்டு ஒரு காசும் தரவேண்டியதில்லை. ஆனாலும் குறைந்த தொகையைத் தம் கையிலிருந்து அனுப்பிவைத்தார். காகிதத்தில் எழுதிய கணக்கு முடிந்தபின்னும் மனத்தில் இருந்த கணக்கு முடியவில்லை என்றே அவர் கருதியிருக்க வேண்டும்.

எழுதுகோல் எடுத்தவர்

வணிகத்தில் பட்ட அடி அவரைச் சிந்தனையாளராக்கியது. பொருள்களின் விலை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று ஆராயத் தொடங்கினார். அந்நாளில் இங்கிலாந்தில் வெளிநாட்டுத் தானியத்துக்குக் கடுஞ்சுங்கம் விதிக்கும் சட்டங்கள் இருந்தன. அவற்றால் நிலக்கிழார்கள் வாழ்ந்தனர். ரொட்டி வாங்கும் ஏழைகள் நலிந்தனர். 1839இல் அச்சட்டங்களை எதிர்த்து வில்சன் ஒரு சிறு நூல் எழுதினார். 1843 செப்டம்பரில் எக்கானமிஸ்ட் என்னும் வார இதழைத் தொடங்கினார். தொடக்கக் காலத்தில் இதழின் பெரும்பகுதியை அவரே எழுதினார். பதினாறு ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். அந்த இதழ் இன்றும் வெளிவருகிறது.

வில்சனைப் புகழ்ந்துகொண்டே போகவும் முடியாது. 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்தது. பத்து இலட்சம் பேர் அளவில் மாண்டனர். அரசு கைகொடுக்கக் கூடாது, சந்தை தானே சரிசெய்யும் என்று வாதிட்ட இதழ்களுள் எக்கானமிஸ்டும் ஒன்று. கணக்கில் தேர்ந்த மனிதர் பசியின் முன் தவறினார். இதை மறைத்து அவர் வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது.

1847இல் பாராளுமன்ற உறுப்பினரானார். இந்திய விவகாரங்களைக் கண்காணித்த வாரியத்தின் செயலாளராக 1848 முதல் 1852 வரை இருந்தார். 1853 முதல் 1858 வரை இங்கிலாந்து நிதித்துறையின் செயலாளர்களில் ஒருவர். 1853இல் இந்தியா, ஆஸ்திரேலியா, சீனா ஆகிய நாடுகளுக்கான சார்ட்டர்டு வங்கிக்கு அரச சாசனம் பெற்று அதை நிறுவினார். 1969இல் ஸ்டாண்டர்டு வங்கியோடு இணைந்து இன்று ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு என்று விளங்குவது அவ்வங்கியே. அவர் மூத்த மகளை 1858இல் மணந்த வால்ட்டர் பாஜட் பின்னாளில் பொருளாதார எழுத்தாளராகப் புகழ்பெற்று, 1861 முதல் எக்கானமிஸ்டின் ஆசிரியராகவும் இருந்தார்.

கல்கத்தாவில் எட்டரை மாதம்

1857இன் பெரும் புரட்சியை அடக்குவதற்கு ஆங்கில அரசு செலவழித்த பணம் இந்தியாவின் தலையில் கடனாக ஏற்றப்பட்டது. அடக்கப்பட்ட மக்களே அடக்குமுறைக்கும் கூலி கொடுக்க வேண்டியதாயிற்று. கருவூலம் காலியாக இருந்தது. அதைச் சரிசெய்ய நிதி அறிந்த ஒருவர் தேவைப்பட்டார். வில்சனுக்கு அப்போது வயது 54. இலண்டனில் அமைச்சர் நிலைப் பதவியில் வசதியாக இருந்தவர், 1859 அக்டோபரில் கப்பலேறி, நவம்பர் இறுதியில் கல்கத்தா வந்திறங்கினார். வடக்கே பயணம் செய்து நாட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். 1860 பிப்ரவரி 18ஆம் நாள் சட்டமன்றத்தில் வரவு செலவுத் திட்டத்தைப் படித்தார். இந்தியாவின் முதல் பட்ஜெட் என்று அதைச் சொல்வது வழக்கம்.

அந்தத் திட்டத்தில் இரண்டு புதுமைகள் இருந்தன. ஒன்று வருமான வரி. ஆண்டுக்கு 200 ரூபாய் முதல் 500 ரூபாய் வரை வருமானம் உள்ளவர் நூற்றுக்கு இரண்டும், அதற்கு மேற்பட்டவர் நூற்றுக்கு நான்கும் கட்ட வேண்டும். அச்சட்டம் 1860 ஜூலை 24ஆம் நாள் ஒப்புதல் பெற்றது. இன்றும் அந்நாளை வருமான வரி நாளாக அத்துறை கொண்டாடுகிறது. மற்றொன்று அரசே வெளியிடும் காகிதப் பணம்.

வருமான வரிக்கு எதிர்ப்பு நம் சென்னையிலிருந்துதான் பலமாக வந்தது. அதுவும் ஆளுநர் மாளிகையிலிருந்தே வந்தது. சென்னை ஆளுநர் சர் சார்லஸ் டிரெவெலியன் புது வரி வேண்டாம், படைச் செலவைக் குறையுங்கள் என்று கண்டன அறிக்கை எழுதினார். எழுதியதோடு நில்லாமல் அதைப் பத்திரிகைகளிலும் வெளிவரச் செய்தார். மேலரசை எதிர்த்து ஊரறியப் பேசியது குற்றமென்று அவர் பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார். அயர்லாந்துப் பஞ்சத்தின்போது அரசின் நிவாரணப் பணியைக் கஞ்சத்தனமாக நடத்தியவர் என்று பழிக்கப்படுபவரும் இதே டிரெவெலியன்தான். மனிதர்கள் ஒரே நிறத்தில் இருப்பதில்லை.

வரியைப் பற்றி இன்னொன்றும் நினைவிற்கொள்ள வேண்டும். அந்த வரியை விதித்த சட்டமன்றத்தில் 1860இல் இந்தியர் ஒருவர்கூட இல்லை. தமக்கு இடமில்லாத மன்றம் தமக்கு வரி போடுவதா என்று கேட்டுத்தான் அமெரிக்கர்கள் இங்கிலாந்தோடு போர் தொடுத்தார்கள். அமெரிக்கரின் அந்தக் கதை காகிதப் பணத்தோடும் தொடர்புடையது.

அமெரிக்கர் கற்ற பாடம்

அமெரிக்கக் குடியேற்றங்களுள் மாசசூசெட்ஸ் 1690இலேயே காகிதப் பணம் வெளியிட்டது. கியூபெக் மீது படையெடுத்துத் தோற்றுத் திரும்பிய வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கக் கையில் வெள்ளி இல்லை. ஆகவே தாள் கொடுத்தார்கள். பிற்பாடு வரி கட்டும்போது அத்தாளை வாங்கிக்கொள்வோம் என்பது வாக்குறுதி. பிற குடியேற்றங்களும் அவ்வழியைப் பின்பற்றின. மின்னலை ஆராய்ந்த பெஞ்சமின் பிராங்கிளின் தொழிலால் அச்சுக்காரர். பென்சில்வேனியாவுக்கும் நியூஜெர்சிக்கும் நோட்டு அச்சிட்டவர். கள்ள நோட்டைத் தடுக்க அவர் ஒரு வழி கண்டார். உண்மையான மர இலையை வார்ப்பெடுத்து நோட்டில் அச்சிட்டார். இலையின் நரம்பைப் போல வேறொருவர் கையால் செதுக்க முடியாது. இயற்கையையே காவலுக்கு வைத்த அந்தத் தந்திரம் அறிவியல் மாணவர்கள் அனைவரும் போற்றத்தக்கது.

வரியாகத் திரும்பி வந்த நோட்டுகளை அந்த அரசுகள் எரித்துவிட்டன. ஆகவே அக்காலத் தாள்கள் பல இன்று கிடைத்தற்கரியவை. சேகரிப்பாளர்கள் பெருவிலை கொடுக்கிறார்கள். ஆனால் 1775இல் தொடங்கிய விடுதலைப் போருக்காகக் காங்கிரசு வெளியிட்ட தாள்களின் கதை வேறு. வரி வாங்கும் அதிகாரம் இல்லாத காங்கிரசு 24 கோடி டாலருக்கு மேல் அச்சிட்டுக் குவித்தது. அவற்றின் மதிப்பு சரிந்து சரிந்து ஒன்றுமில்லாமற்போயிற்று. 1790இல் நூறு டாலர் தாளுக்கு ஒரு டாலர் என்ற கணக்கில்தான் அரசு எடுத்துக்கொண்டது. திருப்பிக் கொடுத்து ஆவதென்ன என்று மக்கள் பெட்டியிலேயே போட்டுவைத்தார்கள். அதனால் அத்தாள்கள் இன்றும் நிறையக் கிடைக்கின்றன.

என் கேள்விக்கு விடை இங்கேதான் இருந்தது. வாக்குக் காப்பாற்றப்பட்ட நோட்டு, கொடுத்தவரிடமே திரும்பிப் போய் அழிந்துவிடுகிறது. வாக்குத் தவறிய நோட்டு ஏமாந்தவர் பெட்டியில் தங்கிவிடுகிறது. பழைய நோட்டு அரிதாக இருப்பதற்குப் பெருங்காரணம் அதை வெளியிட்டவரின் நாணயம்.

வில்சனின் திட்டம்

இந்தியாவில் அதற்கு முன்னும் நோட்டுகள் இருந்தன. 1806இல் தோன்றிப் பின் வங்காள வங்கி என்று பெயர்பெற்ற வங்கி, 1840இல் பம்பாய் வங்கி, 1843இல் சென்னை வங்கி ஆகியவை தத்தம் நோட்டுகளை வெளியிட்டன. அவை பெரும்பாலும் மாகாணத் தலைநகரங்களின் வணிகர் கையிலேயே சுழன்றன. நாட்டுப்புறத்தில் வெள்ளி ரூபாய்தான் பணம். சம்பளம் கொடுக்க வேண்டுமானால் வெள்ளி மூட்டைகள் வண்டியேறிக் காவலோடு போகவேண்டும்.

1860 மார்ச் 3ஆம் நாள் வில்சன் தம் காகிதப் பண மசோதாவைக் கொண்டுவந்தார். நோட்டு வெளியிடும் உரிமை வங்கிகளை விட்டு அரசிடம் வரவேண்டும். நோட்டைக் கொண்டுவந்து நீட்டியவருக்கு அக்கணமே வெள்ளி ரூபாய் எண்ணித் தரவேண்டும். அதற்காக வெளியிட்ட நோட்டின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளியாகவே பெட்டகத்தில் இருக்கவேண்டும். மீதியை அரசுக் கடன் பத்திரங்களில் போட்டு வைக்கலாம். இதுவே திட்டத்தின் சாரம். எல்லாரும் ஒரே நாளில் வந்து கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் மூன்றில் ஒரு பங்கு போதும் என்றார் வில்சன். தொப்பிக் கடையில் கணக்கு எழுதிய கை, எவ்வளவு சரக்கு இருப்பு வைத்தால் போதும் என்று அறியும்.

இலண்டனில் இந்திய அமைச்சராக இருந்த சர் சார்லஸ் வுட் இதற்கு உடன்படவில்லை. பத்திரங்களில் போடும் தொகைக்கு உச்சவரம்பு வேண்டும், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு ரூபாய் நோட்டுக்கும் ஒரு ரூபாய் வெள்ளி வேண்டும் என்றார். அந்த வரம்பு 4 கோடி ரூபாய் என்று முடிவாயிற்று. 9 கோடி ரூபாய்க்கு நோட்டு வெளியானால் வில்சன் கணக்குப்படி 3 கோடி வெள்ளி போதும். வுட் கணக்குப்படி 5 கோடி வேண்டும். இருவருக்கும் வேறுபாடு வழியில்தான். வாக்குக் காப்பாற்றப்பட வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றே.

முடிவைக் காண வில்சன் இல்லை. மழைக்காலத்தில் கல்கத்தாவை விட்டுக் குளிர்ந்த இடத்துக்குப் போகுமாறு மருத்துவர்கள் சொன்னார்கள். வேலை இருக்கிறதென்று அவர் மறுத்துவிட்டார். வயிற்றுக்கடுப்பு நோய் பற்றியது. 1860 ஆகஸ்டு 11ஆம் நாள், 55ஆம் வயதில், இந்திய மண்ணில் இறந்தார். டிரெவெலியனுக்குப் பதிலாகச் சென்னைக்கு ஆளுநராக வந்த சர் ஹென்றி வார்டும் ஒன்பது நாள் முன்னர், ஆகஸ்டு 2ஆம் நாள், காலராவுக்குப் பலியாகியிருந்தார்.

அவர் இறந்த பின்

வில்சனுக்குப்பின் வந்த சாமுவேல் லெய்ங், வுட்டின் திருத்தங்களோடு மசோதாவை நிறைவேற்றினார். 1861ஆம் ஆண்டின் 19ஆம் எண் சட்டம் அது. 1862 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 10, 20, 50, 100, 500, 1000 ரூபாய் நோட்டுகள் வந்தன. ஒரு பக்கம் மட்டும் அச்சு; கையால் செய்த தாள்; விக்டோரியா அரசியின் சிறு உருவம்; இரண்டு நாட்டு மொழிகளில் மதிப்பு. விரைவில் கள்ள நோட்டுகள் பெருகவே அந்த வரிசையை விட்டுவிட்டு 1867இல் வேறு அச்சு முறைக்கு மாறினார்கள்.

நாடு முழுவதும் ஒரே பணம் என்று நினைத்துவிடாதீர்கள். நாட்டை நாணய வட்டங்களாகப் பிரித்திருந்தனர். கல்கத்தா, பம்பாய், சென்னை என்று தொடங்கிப் பின் பல வட்டங்களும் கிளைகளும் தோன்றின. திருச்சிராப்பள்ளியும் கோழிக்கோடும் சென்னையின் கிளைகள். ஒரு வட்டத்தில் வெளியான நோட்டை இன்னொரு வட்டத்தில் நீட்டி வெள்ளி கேட்கச் சட்டப்படி உரிமையில்லை. ஊர்விட்டு ஊர் போய்ப் பிழைத்தவன் சம்பாதித்த தாளுக்கு, அவன் பிறந்த ஊரில் முழு மதிப்பு உறுதியில்லை. 1903இல் ஐந்து ரூபாய் நோட்டில் தொடங்கி, 1911இல் நூறு ரூபாய் நோட்டு வரைக்கும் படிப்படியாகத்தான் இந்தத் தடை நீங்கியது.

தபாலில் பணம் அனுப்பியவர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தனர். நோட்டை இரண்டாக வெட்டுவார்கள். ஒரு பாதியை முதலில் அனுப்புவார்கள். கிடைத்தது என்று கடிதம் வந்த பிறகே மறு பாதி போகும். வழியில் திருடன் எடுத்தாலும் பாதித் தாளால் பயனில்லை. அப்படி வெட்டிய நோட்டுகளும் இன்று சேகரிப்பாளர்களின் பெட்டியில் உள்ளன. வெட்டிய கோடு ஒவ்வொன்றிலும் தூரத்திலிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்பிய ஒருவரின் கவலை தெரிகிறது.

வில்சன் கொண்டுவந்த வருமான வரி 1865இல் காலாவதியாயிற்று. அப்போது நிதி உறுப்பினர் யார் தெரியுமா? அன்று சென்னையிலிருந்து எதிர்த்து எழுதிப் பதவி இழந்த அதே டிரெவெலியன்! வரி பின்னர் மீண்டும் வந்து நிலைத்துவிட்டது வேறு கதை. வில்சனின் கல்லறையோ மறக்கப்பட்டது. கல்கத்தா மல்லிக் பஜார்க் கல்லறைத் தோட்டத்தில் கேட்பாரற்றுக் கிடந்த அதை 2007இல் வருமான வரித்துறை அதிகாரி ஒருவர் தேடிக் கண்டுபிடித்தார். பின்னர் அது செப்பனிடப்பட்டது.

பாட்டியின் நோட்டு

இனி நம் காலத்துக்கு வருவோம். நண்பர்களே, உங்கள் கையில் உள்ள நோட்டைத் திருப்பிப் பாருங்கள். பதினைந்து மொழிகள் வரிசையாக நிற்கும். அகர வரிசைப்படி நான்காவது கன்னடம், பதின்மூன்றாவது தமிழ். இன்று ஹெப்பகோடியில் வாங்கிய நோட்டு தருமபுரியிலும் செல்லும், கல்கத்தாவிலும் செல்லும். வட்டங்கள் போய்விட்டன. இதற்கு அடிகோலியவர்களுள் வில்சன் ஒருவர் என்று ஏற்பதில் தவறில்லை. அவர் அந்நிய ஆட்சிக்காக உழைத்தவர். அந்த ஆட்சியின் கடனை நம் முன்னோர்மேல் வரியாக ஏற்றியவர். இதையும் மறவாமல்தான் ஏற்க வேண்டும்.

அவரிடம் நாம் கற்கத்தக்கது ஒன்று உண்டு. சட்டம் விடுவித்த பின்னும் குறைந்த தொகையை அனுப்பிவைத்த அந்த வணிகரின் மனமே அது. அந்த மனம் இல்லாவிட்டால் எவ்வளவு அழகிய நோட்டும் தாள்தான். அது தனி மனிதருக்கு எளிது; அரசுக்கு அரிது. அரசு பொது நன்மை கருதி ஒரு நோட்டை நிறுத்தலாம்; நிறுத்தவும் காரணங்கள் இருக்கலாம். ஆனால் காலக்கெடு தவறிய கடைசிக் கிழவியையும் எண்ணிப் பார்க்கும்போதுதான் அந்தக் கணக்கு முடிந்ததாகும்.

பாட்டியின் ஏழு நோட்டுகளுக்கு இன்று 3,500 ரூபாய் யாரும் தரமாட்டார்கள். அவை ஏராளமாக அச்சான நோட்டுகள். சேகரிப்பாளருக்கும் அரியவை அல்ல. ஆயினும் எங்கள் வீட்டில் அவற்றுக்கு விலை உண்டு. எத்தனை நாள் புளி தட்டினால் ஓர் ஐந்நூறு சேரும் என்று அப்பாவுக்குத் தெரியும். ஒரு நாள் கணக்குப் போட்டுச் சொன்னார். அதன்பின் அந்த அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் கையைத் துடைத்துக்கொண்டுதான் திறக்கிறேன்.